மூச்சு வாங்குதான்னு கேட்டா

நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில புதுசா ஒரு இதய வால்வு மையம் திறக்கப் போறாங்களாம். அதுக்கு ஒரு சிறப்பு மலர் போடுறாங்களாம். "ராஜிதி, முப்பத்தோரு வருஷம் எக்கோ ரூம்ல இருந்திருக்கீங்க. இளைஞர்களுக்கு ஊக்கம் தர்ற மாதிரி ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க"ன்னு பழைய இடத்துல இருந்து என்னை அக்கா முறை வச்சு 'தி'ன்னு கூப்பிடுற ரெண்டு பொண்ணுங்க டாக்குரியாவுல என் வீடு தேடி வந்தாங்க. ஊக்கமா? எங்கிட்டயா? நல்ல இடம் பார்த்து வந்தீங்க போங்கன்னு சொல்லி, டீயும் முறுக்கும் குடுத்து அனுப்பிட்டேன். அவங்க விட்டுட்டுப் போன நோட்டீஸை அப்புறம்தான் படிச்சேன். படிச்சதும் எழுதணும்னு கை அரிக்க ஆரம்பிச்சுடுச்சு. ஆனா இது அவங்க மலருக்கு ஆகாது. அதான் நம்ம தமிழ்ச் சங்கத்து மலருக்குத் தர்றேன். பிடிச்சா போடுங்க, இல்லாட்டி கிழிச்சுப் போடுங்க.

நோட்டீஸ்ல என்ன இருந்துச்சுன்னா, நோயாளி வந்து உக்காந்ததும் கையில ஒரு டேப்லெட் குடுப்பாங்களாம். அதுல அஞ்சு கேள்வி. "படி ஏறும்போது மூச்சு வாங்குகிறதா?"ன்னு ஒண்ணு. பக்கத்துல சிரிக்கிற மூஞ்சி, அழுகிற மூஞ்சி. எதையாவது தொட்டா போதும். அதுக்கப்புறம் மெஷினே அளந்து, மெஷினே கூட்டி, மெஷினே முடிவு சொல்லிடுமாம். ஆஹா! எழுபது வயசு மனுஷன் கையில இருந்து அந்த டேப்லெட்டைப் பிடுங்கி அவர் மகன்தான் தொடுவான். எதைத் தொடுவான்? சிரிக்கிற மூஞ்சியைத்தான். ஆபீஸுக்கு நேரமாகுதில்ல அவனுக்கு!

மெஷின் மேல எனக்குக் கோபம் கிடையாது. நான் சேர்ந்தப்போ இருந்த மெஷினை விட இப்போ இருக்கிறது ஆயிரம் மடங்கு மேல். தொடை வழியா குழாயை விட்டு, நெஞ்சைப் பிளக்காமலே புது வால்வை உக்கார வைக்கிறாங்க. அதைப் பார்க்க எனக்கே ஆசையா இருக்கு. ஆனா வால்வு வியாதியில ஒரு சங்கதி உண்டு. வால்வு எவ்வளவு கெட்டிருக்குன்னு மெஷின் சொல்லும். அதை எப்போ மாத்தணும்கிறதைப் பெரும்பாலும் மூச்சுதான் சொல்லும். மூச்சு வாங்குதா, தலை சுத்துதா, நெஞ்சு பிடிக்குதான்னு கேக்கணும். கேட்டா யார் உண்மை சொல்றா? முப்பத்தோரு வருஷத்துல நான் பார்த்த பொய்யை ஒரு வக்கீல் கூடப் பார்த்திருக்க மாட்டார்.

என் படிப்புக் கதையைச் சுருக்கமா சொல்லிடுறேன். அப்பா துறைமுகத்துல வேலை. திருநெல்வேலிப் பக்கத்துல இருந்து வங்காளத்துக்கு மாற்றலாகி வந்து இங்கேயே தங்கிட்டார். நான் பி.எஸ்சி முடிச்சு, முதல்ல இ.சி.ஜி. எடுக்கக் கத்துக்கிட்டு, பிறகு எக்கோவுக்குப் போனேன். நெஞ்சு மேல ஒரு கருவியை வச்சு, ஒலி அலையால இதயத்தைத் திரையில பார்க்கிற வேலை. ரெண்டு வருஷம் திரையில ஒரு மண்ணும் புரியல. மூணாவது வருஷம் புரிஞ்சுது. மருந்துக்கடைப் பிரிவுல இருந்த தாஸைக் கல்யாணம் பண்ணிக்கிட்டேன். கையில வங்காளிக் கல்யாணத்துச் சங்கு வளையல் ஏறிச்சு, சட்டைப்பையில "ராஜி தாஸ்"னு பேர் ஏறிச்சு. அவ்வளவுதான் சரித்திரம்.

இந்தச் சங்கு வளையலால எனக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்துச்சு. தமிழ்க்காரங்க பரிசோதனைக்கு வருவாங்க. என்னைப் பார்த்து வங்காளின்னு நினைச்சு, என் காது பக்கத்துலயே என்னைப் பத்திப் பேசுவாங்க. "இவளுக்குத் தெரியுமா, கத்துக்குட்டியா?" "மூஞ்சியைப் பாரு, கஞ்சியில போட்ட துணி மாதிரி." நான் வாயைத் திறக்க மாட்டேன். வங்காளத்துல "மூச்சை விடுங்க, அப்படியே நிறுத்துங்க"ன்னு சொல்லிட்டு, உள்ளுக்குள்ள சிரிச்சுக்குவேன். நாள் பூரா இருட்டு ரூம்ல உக்காந்திருக்கிறவளுக்கு அது ஒரு பொழுதுபோக்கு. கோட்டிக்காரத்தனம்தான், ஒத்துக்கிறேன்.

எங்க துறைத் தலைவரை எல்லாரும் பொரோ சார்னு கூப்பிடுவோம். பெரிய சார்னு அர்த்தம். ஆள் என்னவோ குள்ளம்தான். நாக்கு மட்டும் நீளம். ரிப்போர்ட்டைத் தூக்கி, "இது வால்வா, உங்க வீட்டு வெண்டைக்காயா?"ன்னு கேப்பார். புது டாக்டர்களை அழ வைக்காம அவருக்கு மதியச் சோறு செரிக்காது. ஆனா அவர் கையெழுத்துப் போடுற முறை ஒண்ணு இருந்துச்சு. ரூமுக்குள்ள வருவார். நோயாளி முகத்தைப் பார்ப்பார், விரல் நகத்தைப் பார்ப்பார், அப்புறம்தான் திரையைப் பார்ப்பார். கடைசியில பேனாவை எடுத்துட்டு, எங்க பக்கம் திரும்பாமலே "ஆர் கிச்சு?"ம்பார். வேற ஏதாவது உண்டான்னு அர்த்தம். இல்லைன்னு நாங்க சொன்னதும் கையெழுத்து விழும். அதை நான் வெறும் வாய்ப் பழக்கம்னே நினைச்சிருந்தேன்.

நோயாளி சொல்ற பதிலை அவர் காசுக்கு மதிக்க மாட்டார். மூச்சு வாங்கலைன்னு யாராவது சொன்னா, "சரி வாங்க"ன்னு பின்பக்கப் படிக்கட்டுக்குக் கூட்டிட்டுப் போவார். கூடவே ஏறுவார். ரெண்டு மாடி. பேச்சுக் குடுத்துக்கிட்டே ஏறுவார். பேச்சு எங்கே நிக்குதுன்னு பார்ப்பார். ஒரு கல்லூரிப் பேராசிரியர், "தினமும் லேக் பார்க்குல ஒரு மணி நேரம் நடை"ன்னு மார்தட்டினார். பதினோராவது படியில கம்பியைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டார். அப்புறம்தான் அவர் மனைவி சொல்றாங்க, லேக்குக்குள்ள நுழைஞ்சதும் முதல் பெஞ்சுல உக்காந்து பேப்பர் படிக்கிறதுதான் அந்த ஒரு மணி நேரமாம். அவரும் பொய் சொல்லலையாம், போறது வர்றது எல்லாம் சேர்த்துச் சொன்னாராம்!

அப்புறம் நிர்வாகத்துக்கு டை கட்டின ஒரு மேனேஜர் வந்தார். யாரோ ஒருத்தர் மகன், "லிஃப்ட் இருக்கும்போது எங்கப்பாவை ஏன் படி ஏத்தினாங்க?"ன்னு எழுதிப் போட்டுட்டான். மேனேஜர் சுற்றறிக்கை விட்டார். நோயாளிகளைப் படிக்கட்டுல ஏத்தக் கூடாது, கனிவா கேள்வி கேட்டாப் போதும்னு. பொரோ சார் அந்தக் காகிதத்தை எட்டா மடிச்சு, ஆடிக்கிட்டிருந்த மேஜைக் காலுக்கு அடியில வச்சார். ஆனாலும் படிக்கட்டு நின்னு போச்சு.

அந்தச் சமயத்துலதான் விசாலம் மாமி வந்தாங்க. அறுபத்து நாலு வயசு, லேக் கார்டன்ஸ்ல வீடு. கூட அவங்க வீட்டுக்காரர் ராமநாதன், பாங்கு ஆபீசரா இருந்து ரிட்டையர் ஆனவர். அவங்க வழக்கமா பார்க்கிற டாக்டர் மாமி நெஞ்சுல ஸ்டெதாஸ்கோப் வச்சப்போ சத்தம் சரியில்லைன்னு அனுப்பியிருக்கார். வெள்ளிக்கிழமை மத்தியானம்.

மாமியை இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுக்க வச்சேன். இடது கை தலைக்கு அடியில. ஜெல்லை வெந்நீர்ல வச்சுச் சூடாக்கித்தான் தடவுவேன், அது என் வழக்கம். திரையைப் பார்த்தேன். இதயத்துல இருந்து ரத்தம் உடம்புக்குப் போற வாசல்ல மூணு இதழ் இருக்கணும், பூ மாதிரி விரியணும். இங்கே குழாய் வாயில உப்புப் படிஞ்சு இறுகின மாதிரி வெள்ளை வெளேர்னு கிடந்துச்சு. நடுவுல ஒரு கீறல் அளவுக்குத்தான் திறப்பு.

அடுத்து வலது பக்கம் திருப்பிப் படுக்க வச்சு, பென்சிலை எடுத்தேன். அது பேனா தடிமன்ல ஒரு கருவி. படம் வராது, சத்தம் மட்டும்தான் வரும். சத்தத்தை வச்சே கண்ணை மூடித் தேடணும். இப்போ வர்ற பிள்ளைங்க முக்கால்வாசிப் பேர் இதை எடுக்கிறதே இல்ல. படம் வராததை எவ எடுப்பா? ஆனா வலது பக்கத்துல இருந்து தேடினாத்தான் பல பேருக்கு ரத்தம் பாயுற நிஜமான வேகம் பிடிபடும். மாமிக்கு இடது பக்கத்துல நொடிக்கு மூணு புள்ளி எட்டு மீட்டர்னு காட்டினது, வலது பக்கத்துல நாலு புள்ளி ஆறுன்னு ஏறிச்சு. நாலைத் தாண்டினா கடுமைன்னு கணக்கு. விசில் வர்றதுக்கு முன்னாடி குக்கர் சீறுமே, அந்தச் சத்தம்.

இதுக்கு நடுவுல ராமநாதன் மாமா கால்மாட்டுல நின்னுக்கிட்டு மெதுவா சொல்றார்: "இதோ பாரு, டாக்டர் வந்து கேட்டா மூச்சு வாங்கறது கீங்கறதுன்னு உளறிண்டு இருக்காதே. படுக்கப் போட்டுடுவா. புதன்கிழமை ஃப்ளைட்டு. ஞாபகம் இருக்கட்டும்."

"நான் ஏன் சொல்லப் போறேன்? அவளை அங்க தனியா விட்டுட முடியுமா?"ன்னாங்க மாமி.

வழக்கம் போல நான் கேக்காத மாதிரி ஸ்க்ரீனைப் பார்த்துக்கிட்டிருந்தேன். மாமா பழைய ஃபைலை எடுத்துட்டு வர வெளியே போனார். ஜெல்லைத் துடைக்கத் துணி குடுத்தப்போ என்னால முடியல. தமிழ்லயே கேட்டுட்டேன்: "மாமி, நிஜமாவே மூச்சு வாங்குதா?"

மாமி முகத்துல ரத்தமே இல்ல. என் மணிக்கட்டைச் சங்கு வளையலோட சேர்த்துப் பிடிச்சுக்கிட்டாங்க. "நீ தமிழா? பகவானே! எல்லாம் கேட்டுண்டு இருந்தியா?"

"வாங்குதா, இல்லையா?"

"குளிச்சுட்டு வந்தா கொஞ்சம் உக்காரணும். வயசாச்சு, இருக்காதா? இதோ பாரும்மா, என் பொண்ணு அமெரிக்கால இருக்கா. தலைப்பிரசவம். மாமியார் கிடையாது. ஆறு மாசம் இருந்து பார்த்துட்டு வந்துடறேன். வந்து நானே உங்கிட்ட படுத்துக்கறேன், அறுத்துக்கோங்கோ. இப்போ வாயைத் திறந்துடாதே. நீயும் ஒரு அம்மாதானே?"

நான் தலையை ஆட்டினேன். ஏன் ஆட்டினேன்னு இன்னிக்கும் எனக்கு என் மேல ஆத்திரம் வருது. நம்ம பாஷையில ஒருத்தி கெஞ்சினதும் மனசு இளகிப் போச்சு, சவம்.

பொரோ சார் வந்தார். முகம், நகம், திரை. "மூச்சு வாங்குதா?"ன்னு இங்கிலீஷ்ல மாமியைக் கேட்டார். மாமா பதில் சொன்னார்: "நோ நோ, வீட்டு வேலை எல்லாம் அவள்தான் பண்றாள்." மாமி சிரிச்சாங்க. சார் பேனாவை எடுத்தார். "ஆர் கிச்சு?"

"இல்ல சார்"னேன்.

பேனா கொஞ்ச நேரம் காகிதத்துக்கு மேலயே நின்னுச்சு. அப்புறம் எழுதினார். வால்வு சுருக்கம் கடுமை, அறிகுறி இல்லை, ஆறு மாசம் கழிச்சு வரவும். மாமா அந்தக் காகிதத்தைப் பிரசாதம் வாங்குற மாதிரி ரெண்டு கையால வாங்கிக்கிட்டார்.

சனிக்கிழமை நான் வழக்கமாத்தான் இருந்தேன். நான் டெக்னீசியன், டாக்டர் இல்ல. நோயாளி சொன்னாத்தானே எழுத முடியும்னு எனக்கு நானே வக்கீல் வச்சுக்கிட்டேன். ஞாயித்துக்கிழமை துணி மடிச்சுக்கிட்டிருந்தப்போ பக்கத்து வீட்டு பௌதி, அதான் அண்ணி, அமெரிக்காவுல மகன் வீட்டுக்குப் போயிட்டு வந்த கதையைச் சொன்னாங்க. அந்த ஊர்ல படுக்கையறை எல்லாம் மாடியில, சமையலறை கீழே, நாள் பூரா ஏறி இறங்கியே முட்டி தேஞ்சுதுன்னாங்க. பச்சக் குழந்தையைத் தோள்ல போட்டுக்கிட்டு மாமி அந்தப் படியில ஏறுறதை நினைச்சுப் பார்த்தேன். வேகம் நாலு புள்ளி ஆறு. தலை சுத்தி விழுந்தா ஒரு உசிரா போகும்?

திங்கக்கிழமை காலையில பொரோ சார் ரூம்ல போய் நின்னு எல்லாத்தையும் சொன்னேன். அவர் கத்துவார்னு எதிர்பார்த்தேன். கத்தல. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டே கேட்டார்: "ரெண்டு நாளா என்ன பண்ணிட்டிருந்தே? ஞாயித்துக்கிழமை மீன் நல்லா இருந்துச்சா?"

"சார், எனக்குத் தமிழ் தெரியும்னு அவங்களுக்கு..."

"அவங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தாய்மொழின்னு உன் ஃபைல்ல நீயே எழுதியிருக்கே. தமிழ் நோயாளி எல்லாம் ஏன் உன் மேஜைக்கே வர்றாங்கன்னு நினைச்சே? உன் அழகுக்கா? எனக்குக் காதுல விழாதது உனக்கு விழும்னுதான். நான் 'ஆர் கிச்சு'ன்னு கேக்கிறது சும்மா அலங்காரத்துக்குன்னு நினைச்சியா?"

இத்தனை வருஷம் நான் அவங்களை ஏமாத்தி விளையாடுறதா நினைச்சுக்கிட்டிருந்தேன். அந்தக் குள்ள மனுஷன் என் விளையாட்டையே வேலையா வச்சிருந்திருக்கார். நான் மட்டும்தான் அதைச் செய்யல.

சார் உடனே மாமி வீட்டுக்கு ஃபோன் பண்ணினார். மூட்டை கட்டுற வேலை இருக்கு, வர முடியாதுன்னார் மாமா. "சரி, நாம போவோம்"னு பொரோ சார் கிளம்பிட்டார். "சார், படிக்கட்டுல ஏத்தக் கூடாதுன்னு ஆர்டர்..."னு இழுத்தேன். "ஆஸ்பத்திரிப் படிக்கட்டுக்குத்தானே ஆர்டர்? லேக் கார்டன்ஸ் படிக்கட்டுக்கு அந்த டை கட்டினவன் என்ன பண்ணுவான்?"

அவங்க வீடு மூணாவது மாடி, லிஃப்ட் உண்டு. மாமியைக் கீழே வரச் சொல்லி ஆள் அனுப்பினார். மாமி லிஃப்ட்ல இறங்கி வந்து, என்னைப் பார்த்ததும் புரிஞ்சுக்கிட்டாங்க. சார் அரைகுறை ஹிந்தியில, "வாங்கம்மா, உங்க வீட்டுல ஒரு காபி குடிக்கலாம். லிஃப்ட் வேண்டாம், எனக்கு லிஃப்ட்னா பயம்"னார். அவருக்கு முட்டி வலி, ஒரு படி ஏறினா ரெண்டு முனகல். மாமா பின்னாலயே கத்திக்கிட்டு வந்தார்: "டாக்டர், திஸ் இஸ் டூ மச்! ஒரு வேலைக்காரி ஒட்டுக் கேட்டுச் சொன்னான்னு..." வேலைக்காரியாம். சரி, ஆகட்டும்.

சார் மாமிகிட்ட பேத்தியா பேரனா, என்ன பேர் வைக்கப் போறீங்கன்னு கேட்டுக்கிட்டே ஏறினார். முதல் மாடி வரைக்கும் மாமி பதில் சொன்னாங்க. அதுக்கு மேல ஒவ்வொரு வார்த்தையா வந்துச்சு. அப்புறம் வரல. ரெண்டாவது மாடிக்குப் பாதியில உதடு நீலம் பாரிச்சு, வாயைத் திறந்து திறந்து மூடிக்கிட்டு, அப்படியே படியில உக்காந்துட்டாங்க. சாரும் முட்டியைப் பிடிச்சுக்கிட்டுப் பக்கத்துல உக்காந்து, அவங்க நாடியைப் பிடிச்சார். கத்திக்கிட்டு வந்த மாமா அங்கேயே நின்னுட்டார்.

"ஆத்துல இப்படி இருந்ததில்லையேடி! லேசா வாங்கும்னுதானே சொன்னே?"

மாமிக்குப் பேச மூச்சு வர ரெண்டு நிமிஷம் ஆச்சு. "நீங்க எப்போ பார்த்தேள்?"னாங்க.

புதன்கிழமை ஃப்ளைட்டு மாமி இல்லாமப் போச்சு. பதினோரு நாள்ல ஆபரேஷன். நெஞ்சைத் திறந்து, உப்புப் பிடிச்சதை வெட்டி எடுத்துட்டு, புது வால்வு வச்சாங்க. வெட்டி எடுத்ததைப் பார்த்த சர்ஜன், இதோட விமானத்துல ஏற இருந்தாங்களான்னு கேட்டாராம். மேனேஜர் எனக்கும் சாருக்கும் விளக்கம் கேட்டு ஆளுக்கொரு கடுதாசி குடுத்தார். சார் பதில்ல என்ன எழுதினார்னு தெரியாது. மேனேஜர் ஒரு மாசம் எங்க பக்கமே வரல.

மாமியோட பொண்ணுக்கு அங்கே வயித்தைக் கிழிச்சுத்தான் குழந்தை பிறந்துச்சு. பதினெட்டு மணி நேரம் வலியில கிடந்துட்டு, கடைசியில ஆபரேஷன். பக்கத்துல புருஷனைத் தவிர யாருமில்ல. அந்த மாப்பிள்ளைதான் வீடியோ பார்த்துக் குழந்தையைக் குளிப்பாட்டக் கத்துக்கிட்டானாம். மாமிக்கு அப்போ நெஞ்செலும்பு கூடாம, இருமினாலே உசிர் போற வலி. பேத்தியை ஃபோன்லதான் பார்த்திருக்காங்க. இதெல்லாம் மாமா சொல்லித்தான் தெரியும். அவர் பிறகு என்கிட்ட மரியாதையாத்தான் பேசினார். மாமி பேசல.

புது வால்வு வச்சவங்க வருஷா வருஷம் எக்கோவுக்கு வரணும். மாமி வருவாங்க. வந்ததும் கவுண்டர்லயே சொல்லிடுவாங்க: "அந்த ராஜி வேண்டாம். வேற யாராவது பார்க்கட்டும்." அஞ்சு வருஷம் அப்படியே நடந்துச்சு. சக டெக்னீசியன்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பாங்க. எனக்கும் வீம்பு. மாமி படுத்திருக்கிற ரூம் பக்கம் தலை வச்சுக்கூடப் பார்க்க மாட்டேன். ஆனா அவங்க போனப்புறம் அளவை எல்லாம் எடுத்துப் பார்ப்பேன்.

நான் ரிட்டையர் ஆகிறதுக்கு முந்தின வருஷம், காளி பூஜைக்கு மறுநாள். எல்லாரும் லீவு, நான் ஒருத்திதான். மாமிக்கு அன்னிக்குத்தான் தேதி. மாமா என்ன சொல்லிக் கூட்டிட்டு வந்தாரோ, உள்ளே வந்து தானாவே இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுத்தாங்க. ஜெல்லைச் சூடு பண்ணித் தடவினேன். நெஞ்சு நடுவுல நீளத் தழும்பு, வெளுத்துப் போயிருந்துச்சு. இடது பக்கம் பார்த்தேன். வலது பக்கம் திருப்பிப் பென்சிலை வச்சுப் பார்த்தேன். மூச்சை விடுங்க, நிறுத்துங்கன்னு தமிழ்லயே சொன்னேன். சீறல் இல்ல. ரத்தம் தடையில்லாமப் போயிட்டிருந்துச்சு.

துடைக்கத் துணி குடுத்தேன். வாங்கித் துடைச்சுக்கிட்டே, சுவரைப் பார்த்துக் கேட்டாங்க: "எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு மாமி."

புடவைத் தலைப்பைச் சரி பண்ணிக்கிட்டு இறங்கி நின்னாங்க. நேரா என் முகத்தைப் பார்த்தாங்க. "எம்பொண்ணு பதினெட்டு மணி நேரம் அம்மா அம்மான்னு கத்தியிருக்கா. நீ தலையை ஆட்டினே. நம்பினேன். உன்னை நான் மன்னிக்கவே மாட்டேன்."

"வேண்டாம் மாமி. அடுத்த வருஷம் வாங்க"ன்னேன்.